லைப்சிக் நகரத்துத் திங்கட்கிழமைகள்



ஒரு பழைய கடனைத் தீர்க்கத்தான் இன்று எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் பெர்லின் சுவர் விழுந்த பாடம் வந்தால், பனிப்போர், கோர்பச்சேவ், 1989 நவம்பர் 9 என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு முடித்துவிடுவேன். ஒரு வருஷம் கடைசி பெஞ்சில் இருந்த மாணவி எழுந்து, "சார், அந்த ஊர் சனங்க என்ன பண்ணாங்க?" என்று கேட்டாள். "அது பரீட்சைக்கு வராதும்மா, உட்காரு" என்றேன். பதில் எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. ஓய்வுபெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

கிழக்கு ஜெர்மனியில் லைப்சிக் ஒரு பெரிய நகரம். தரங்கம்பாடிப் பக்கத்து உறவுகளுக்கு இந்தப் பெயர் பழக்கமானதுதான். 19ஆம் நூற்றாண்டில் நம் பக்கம் சபைகளும் பள்ளிக்கூடங்களும் நடத்திய லைப்சிக் மிஷனுக்கு அதுதான் தாய்வீடு. அந்த நகரத்தின் நடுவில் இருப்பது புனித நிக்கோலா ஆலயம். இசைமேதை பாக் பணிசெய்த பழைய லுத்தரன் ஆலயம்.

நடந்தது கம்யூனிஸ்ட் ஆட்சி. சபையோடு ஒட்டி இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மேல்படிப்பு கிடைப்பதே கஷ்டம். ஆலயத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளே கால் வைக்காதவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் உளவுத்துறைக்குத் தகவல் கொடுப்பவரோ என்று ஒவ்வொருவரும் பயந்து பேசிய காலம் அது.

ஐரோப்பாவில் அணு ஏவுகணைப் போட்டி சூடாக இருந்த 1982 செப்டம்பரில், திங்கட்கிழமைதோறும் மாலை 5 மணிக்கு அமைதிக்காக ஜெபிக்கத் தொடங்கினார்கள். சில திங்கட்கிழமைகளில் பத்துப் பேர் கூட வரவில்லை. அப்படியும் நிறுத்தவில்லை. போதகர் கிறிஸ்தியான் ஃபியூரர், 'எல்லோருக்கும் திறந்திருக்கிறது' என்ற பலகையை வாசலில் வைத்தார். அமைதி, சுற்றுச்சூழல், மனித உரிமை என்று பேசிய இளைஞர் குழுக்கள் வந்தன. நாட்டை விட்டு வெளியேற விண்ணப்பம் போட்டதால் வேலை போனவர்கள் வந்தார்கள். ஜெபம் தெரியாதவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நீ யார், எந்தச் சபை என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். 1988இல் ஜெபத்தை நடத்தும் பொறுப்பை இளைஞர் குழுக்களிடமிருந்து சபை நிர்வாகம் எடுத்துக்கொண்டது. இளைஞர்கள் கொதித்துப்போனார்கள். சண்டை நடந்தது. ஆனால் கதவை மட்டும் அடைக்கவில்லை.

1989 மே மாதத்திலிருந்து திங்கட்கிழமைகளில் ஆலயத்துக்குப் போகும் தெருக்களைப் போலீஸ் மறித்தது. கூட்டம் இன்னும் பெருகியது. அக்டோபர் 7 அன்று அடி, கைது. அக்டோபர் 9 திங்கட்கிழமை துப்பாக்கிச் சூடு நடக்கும் என்று ஊரே நடுங்கியது. சாதாரண மக்களுக்கு இடம் இல்லாமல் செய்ய, கட்சி தன் ஆட்கள் சுமார் 600 பேரை மதியமே ஆலயத்துக்குள் உட்கார வைத்தது. போதகர் அவர்களையும் வரவேற்றார். அவர்களும் மலைப்பிரசங்கத்தைக் கேட்டார்கள்!

அன்று நகரத்தின் நான்கு ஆலயங்களில் ஜெபம் நடந்தது. முடிந்து வெளியே வந்தவர்களோடு வெளியே காத்திருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுமார் 70,000 பேர். கைகளில் மெழுகுவர்த்தி. ஒரு கையால் மெழுகுவர்த்தியைப் பிடித்து, மறு கையால் சுடர் அணையாமல் மறைக்க வேண்டும். கல்லை எடுக்கக் கை ஏது என்று ஃபியூரர் பின்னாளில் விளக்கினார். போலீஸ் சுடவில்லை. ஒருவரும் சாகவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

சுவர் விழுந்ததற்கு மாஸ்கோவின் மாற்றம், பொருளாதாரச் சரிவு, ஹங்கேரி எல்லை திறந்தது என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றை நான் பாடத்தில் சொல்லித்தான் இருக்கிறேன். விட்டுப்போனது, ஏழு வருஷம் விடாமல் திறந்திருந்த அந்தக் கதவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 70,000 பேரில் பெரும்பாலோர் பிறகு சபையில் சேரவில்லை. இன்றும் அந்தப் பகுதியில் மதம் சாராதவர்களே அதிகம். சபையார் அதற்காக வருத்தப்பட்டு ஜெபத்தை விட்டுவிடவில்லை. ஜெர்மனி ஒன்றான பிறகு ஆலைகள் மூடி வேலை போனவர்களுக்காக அதே ஆலயம் நின்றது. ஃபியூரர் 2014இல் காலமானார். திங்கட்கிழமை மாலை 5 மணி ஜெபம் இன்னும் நடக்கிறது.

கடைசி பெஞ்சிலிருந்து கேட்ட என் மகளே, நீ எங்கிருந்தாலும் இதைப் படித்தால் சரி. பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். உட்காரச் சொன்னது என் தப்பு.

உங்கள் ஊரிலும் கோயிலோ, மசூதியோ, சர்ச்சோ இப்படி அக்கம்பக்கத்தாருக்குக் கதவு திறந்து வைத்த கதை இருந்தால் கீழே எழுதுங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்