போதைப்பொருளுக்கு எதிரா உலக நாடுகள் கைகோத்தாச்சு... ஆனா காசு யார் தர்றது? எளிய விளக்கம்

ஒரு நாட்டில் விளையுது, இன்னொரு நாட்டின் துறைமுகம் வழியா போகுது, மூன்றாவது நாட்டில் விற்பனையாகுது. போதைப்பொருள் கடத்தலை எந்த நாடும் தனியாகத் தடுக்க முடியாததற்கு இதுதான் காரணம். 2023-ல் உலகம் முழுவதும் சுமார் 31 கோடியே 60 லட்சம் பேர் போதைப்பொருள் பயன்படுத்தியதாக ஐ.நா. அறிக்கை சொல்கிறது. இதில் மது, புகையிலை சேராது. ஆனால், இதைத் தடுக்க வேண்டிய ஐ.நா. அமைப்பே பணத்துக்குப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறது. ஏன்?

எந்த விதிப்படி ஒத்துழைப்பு?

மூன்று ஒப்பந்தங்கள்தான் அடிப்படை. 1961 ஒப்பந்தம் அபின், கஞ்சா, கோகோயின் போன்றவற்றையும், 1971 ஒப்பந்தம் எல்எஸ்டி உள்ளிட்ட மனநிலையை மாற்றும் பொருள்களையும் கட்டுப்படுத்துகிறது. 1988 ஒப்பந்தம் கடத்தல், கறுப்புப் பணம், தயாரிப்புக்கான ரசாயனங்கள் ஆகியவற்றைக் குறிவைக்கிறது.

யார் என்ன செய்றாங்க?

* போதைப்பொருள் ஆணையம்: 53 நாடுகள் உறுப்பினர்கள். கொள்கை முடிவுகள் இங்கேதான். 2025-ல் வியன்னாவில் நடந்த கூட்டத்துக்கு இந்தியா தலைமை வகித்தது.

* சர்வதேசக் கட்டுப்பாட்டு வாரியம்: 13 நிபுணர்கள். ஒப்பந்தங்களை நாடுகள் மதிக்கிறதா என்று கண்காணிக்கிறது. அதே நேரம், மார்ஃபின் போன்ற வலி நிவாரணிகள் நோயாளிகளுக்குக் கிடைப்பதையும் பார்க்கிறது.

* யுஎன்ஓடிசி: 1997-ல் உருவான ஐ.நா. அலுவலகம். துறைமுகச் சோதனைப் பயிற்சி, பயிர் கணக்கெடுப்பு, சிகிச்சைத் திட்டங்கள் என களப்பணி எல்லாம் இதன் பொறுப்பு.

சரி, பணம் எங்கிருந்து வருது?

இங்கேதான் சிக்கல். யுஎன்ஓடிசி செலவில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே ஐ.நா.வின் வழக்கமான பட்ஜெட்டில் இருந்து வருகிறது. மீதி எல்லாம் நாடுகள் விருப்பப்பட்டுக் கொடுக்கும் நன்கொடை.

அதிலும் பெரும்பகுதி, ‘இந்த நாட்டில், இந்த வேலைக்கு மட்டும்’ என்ற நிபந்தனையோடு வரும். நன்கொடை தரும் நாட்டுக்கு எது முக்கியமோ அதற்குப் பணம் இருக்கும். மற்ற இடங்களில் தேவை எவ்வளவு இருந்தாலும் கை கட்டிக் கிடக்கும்.

ஒரு நாடு நிறுத்தினா என்ன ஆகும்?

2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப், அமெரிக்காவின் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைத்தார். ஃபெண்டானில் தயாரிக்க மெக்சிகோவுக்கு வரும் ரசாயனங்களைத் தடுக்கும் ஐ.நா. பணியும் இதில் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாகின. அந்த ஃபெண்டானிலால் அதிக உயிர்களை இழந்து வரும் நாடே அமெரிக்காதான்.

ஆப்கானிஸ்தான் சொல்லும் பாடம்

2022 ஏப்ரலில் தாலிபான் அரசு அபின் சாகுபடிக்குத் தடை போட்டது. 2,33,000 ஹெக்டேராக இருந்த சாகுபடி, 2023-ல் 10,800 ஹெக்டேராகச் சுருங்கியது. அதாவது, 95 சதவீதச் சரிவு!

ஆனால் மறுபக்கமும் உண்டு. அபின் விற்று விவசாயிகளுக்குக் கிடைத்த வருமானம் ஒரே ஆண்டில் 136 கோடி டாலரில் இருந்து 11 கோடி டாலராக விழுந்தது. கோதுமைக்கு மாறியவர்களுக்குப் பழைய வருமானம் கிடைக்கவில்லை. மாற்றுத் தொழிலுக்கு உதவிப் பணம் வராவிட்டால், அவர்கள் மறுபடியும் அபினுக்கே திரும்பும் அபாயம் இருக்கிறது. 2023-லேயே அபின் உற்பத்தியில் மியான்மர் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஒரு இடத்தில் அடைத்தால் இன்னொரு இடத்தில் ஒழுகுகிறது.

இதனால் யாருக்குப் பாதிப்பு?

போதைப் பழக்கத்தால் நோயாளியானவர்களில் 12 பேரில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைக்கிறது என்கிறது ஐ.நா. நிதி குறையும்போது கடத்தல்காரர்களுக்குக் கண்காணிப்பு குறையும். சிகிச்சைக்குக் காத்திருக்கும் மீதி 11 பேரின் வரிசையோ இன்னும் நீளும்.