ஐம் டூ செக்சி

ஐம் டூ செக்சி என்பது இங்கிலாந்தைச் சேர்ந்த ரைட் செட் பிரெட் என்னும் இசைக்குழுவினர் 1991 சூலையில் வெளியிட்ட நகைச்சுவைப் பாடல் ஆகும். தன் கவர்ச்சி அளவு கடந்தது என்று நம்பும் ஒருவனின் கூற்றாக இப்பாடல் அமைந்துள்ளது. அழகுச் செருக்கை எள்ளும் ஆங்கிலப் பாடல்களுள் பரவலாக அறியப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று.

பின்னணி

ரிச்சர்டு பேர்பிராசு, அவரது தம்பி பிரெட் பேர்பிராசு, கிதார் கலைஞர் இராப் மன்சோலி ஆகிய மூவரும் இப்பாடலை எழுதினர். சகோதரர்கள் இருவரும் அப்போது இலண்டனில் உடற்பயிற்சிக்கூடம் ஒன்றை நடத்திவந்தனர். கண்ணாடி முன் நின்று தம் உடலைத் தாமே வியந்துகொள்வோரை அங்கு நாள்தோறும் கண்டதே பாடலுக்கு வித்தானது. முதலில் ராக் பாடலாக இருந்த இது, பின்னர் நடன இசையாக மாற்றப்பட்டது. குழுவின் பெயர் பிரெட் பேர்பிராசைக் குறிப்பதன்று. பெர்னார்டு கிரிபின்சு 1962இல் பாடிய வேடிக்கைப் பாடல் ஒன்றின் தலைப்பே அது.

நையாண்டி முறை

பாடலில் வரும் வடிவழகன், தன் கவர்ச்சிக்கு ஈடாகாதவை என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே செல்கிறான். முதலில் காதல், அடுத்து மேற்சட்டை, பின்னர் மிலான், நியூயார்க், சப்பான் என்று பட்டியல் நீள்கிறது. தொப்பியும் வீட்டுப் பூனையும்கூடத் தப்புவதில்லை. இறுதியில் இந்தப் பாடலே தனக்கு ஈடாகாது என்று அவன் கூறிவிட, பாடலும் அத்துடன் நின்றுவிடுகிறது. பெருமை பேசப் பேச அவனிடம் எஞ்சுவது குறைந்துகொண்டே வருவதுதான் இதிலுள்ள நகைச்சுவை. ரிச்சர்டு சிறிதும் சிரிக்காமல், தாழ்ந்த குரலில், பாதி பேச்சாகவே இதைப் பாடியுள்ளார். தலையை முழுவதும் மழித்த இருவர் தம் அழகைப் பறைசாற்றுவதும் வேடிக்கையின் ஒரு பகுதியே. இக்குறிப்பைத் தவறவிட்டு இதை உண்மையான தற்புகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்வோரும் உண்டு.

வரவேற்பு

ஐக்கிய இராச்சியத்தில் இப்பாடல் ஆறு வாரங்கள் இரண்டாம் இடத்தில் இருந்தது. பிரையன் ஆடம்சின் காதல் பாடல் ஒன்று தொடர்ந்து 16 வாரங்கள் முதலிடத்தை விட்டு நகராததே இதற்குக் காரணம். ஐக்கிய அமெரிக்காவில் 1992 பெப்ரவரியில் முதலிடத்தைப் பெற்று மூன்று வாரங்கள் நிலைத்தது. அமெரிக்காவில் இக்குழு ஒரே பாடலுக்குரியதாக நினைவுகூரப்படுவதுண்டு. எனினும் தாயகத்தில் இவர்களுக்கு முதலிடம் பெற்றுத் தந்தது 1992இல் வெளிவந்த டீப்லி டிப்பி என்னும் வேறொரு பாடலாகும்.

பிற்காலப் பயன்பாடு

டெய்லர் சுவிஃப்ட் 2017இல் வெளியிட்ட லுக் வாட் யூ மேட் மீ டூ பாடலின் பல்லவி இப்பாடலின் தாளநடையைத் தழுவியது. அதனால் மூவர் பெயரும் பாடலாசிரியர் வரிசையில் சேர்க்கப்பட்டன. ஆனால் அப்பாடலில் அழகுச் செருக்கு இல்லை, சினமே உள்ளது. 2021இல் டிரேக் வெளியிட்ட வே டூ செக்சி, தாளத்துடன் கருப்பொருளையும் எடுத்துக்கொண்டது. இவ்விரு பாடல்களும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றன.