கடும் மசக்கையும் இரத்தக் குறிகாட்டிகளும்: அளப்பது நோயையா, பட்டினியையா?

மசக்கை பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வந்து போவது. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் அது முற்றி, குடித்த தண்ணீர்கூடத் தங்காமல், கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் கரைந்து, மருத்துவமனையில் சேரும் நிலைக்குக் கொண்டுவிடுகிறது. இந்தக் கடும் மசக்கைக்கு இரத்தத்தில் தடயம் தேடும் ஆய்வுகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியிருக்கின்றன. அவற்றில் கணிசமானவை துருக்கியில் நடந்தவை. இன்டர்லியூகின்-6, சி-ரியாக்டிவ் புரதம், நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதம் ஆகியவை அழற்சிக்காக அளக்கப்படுகின்றன. மாலோன்டைஆல்டிஹைடு, மொத்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறன், தயால்–டைசல்ஃபைடு சமநிலை ஆகியவை ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்காக. நோயுற்றோரிடம் அழற்சி கூடியிருந்தது, எதிர்ப்புத் திறன் குறைந்திருந்தது, எனவே நோயின் தோற்றத்தில் இவற்றுக்குப் பங்குண்டு என்று பல கட்டுரைகள் முடிகின்றன. அந்த ‘எனவே’ எனக்கு உடன்பாடில்லை.

நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். செலவில்லாதது, சாதாரண இரத்த அணு எண்ணிக்கைச் சீட்டிலேயே கிடைப்பது. சீட்டில் நியூட்ரோபில் 78 விழுக்காடு, லிம்போசைட் 15 விழுக்காடு என்றிருந்தால் விகிதம் 5.2. நீரிழப்பால் இரத்தம் கெட்டிப்பட்டு அணுக்கள் கூடியதாகத் தெரிகிறது என்பது வழக்கமாக எழும் மறுப்பு. அது இங்கே செல்லாது. கெட்டிப்பட்டால் இரண்டும் ஒரே அளவில் கூடும், விகிதம் மாறாது. உண்மையான இடர் கார்டிசால். பல நாள் வாந்தியும் பட்டினியும் தூக்கமின்மையும் கார்டிசாலை உயர்த்தும். கார்டிசாலோ இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில்களை ஓட்டத்துக்குள் இறக்கிவிடும், லிம்போசைட்டுகளை இரத்தத்திலிருந்து வெளியேற்றும். அழற்சி துளியும் இல்லாமலே விகிதம் ஏறிவிடும். இதோடு, இயல்பான கர்ப்பத்திலேயே நியூட்ரோபில் கூடிக்கொண்டு போவதால், 8ஆம் வாரத்து நோயாளியை 12ஆம் வாரத்து நலமான பெண்ணோடு ஒப்பிட்டால் பிழை நேரலாம்.

ஆக்சிஜனேற்றக் கணக்கு இன்னும் சிக்கலானது. ‘மொத்த எதிர்ப்புத் திறன்’ என்று ஒரே எண்ணாக வரும் அளவீட்டில் யூரிக் அமிலத்துக்குப் பெரும் பங்கு. அல்புமினும் வைட்டமின் சியும் பிலிருபினும் அதில் சேரும். பட்டினி கிடப்பவருக்குக் கீட்டோன்கள் பெருகி, சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைத் தடுக்கும். உணவே இறங்காதபோது வைட்டமின் சி சரியும். ஒன்று ஏற, ஒன்று இறங்க, இரண்டையும் கூட்டி வரும் எண்ணுக்கு என்ன பொருள் கொள்வது? ஆய்வுக்கு ஆய்வு முடிவு முரண்படுவதில் எனக்கு வியப்பில்லை. மாலோன்டைஆல்டிஹைடுக்கும் இதே கதிதான். பட்டினியில் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கியபின் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் விளைபொருள் கூடுவது நோயின் காரணத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

காரணத்தை எப்படித் தேடுவது என்பதற்கு ஜி.டி.எஃப்.15 நல்ல பாடம். 1997இல் மாக்ரோஃபேஜ் தடுப்பு சைட்டோகைன் என்ற பெயரில் அறிமுகமாகி, செல்லழுத்தத்தின் குறிகாட்டியாகவே நெடுநாள் பேசப்பட்ட புரதம் அது. 2018இல் மரபணுத்தொகுதி ஆய்வு அதைக் கடும் மசக்கையோடு இணைத்தது. 2023 டிசம்பரில், இலங்கை ஆய்வாளர்களும் பங்கேற்று ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, கருவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் வரும் ஜி.டி.எஃப்.15 தாயின் பின்மூளையில் உள்ள ஏற்பியைத் தூண்டுவதைச் சுட்டியது. வியப்பு அடுத்ததில்தான்: கர்ப்பத்துக்கு முன் இப்புரதம் குறைவாக இருந்த பெண்களுக்கே இடர் அதிகம். எப்போதும் அது கூடுதலாக இருக்கும் பீட்டா தலசீமியா பெண்களுக்கு மசக்கை வெகு குறைவு. மருத்துவமனையில் சேர்ந்த அன்று மட்டும் இரத்தம் எடுத்திருந்தால் ‘நோயில் அழுத்தக் குறிகாட்டி கூடுதல்’ என்றுதான் எழுதியிருப்போம். பழகாத உடல் திடீர் உயர்வைத் தாங்காது என்ற மறுபாதி உண்மை தவறியிருக்கும்.

சிகிச்சையறையில் இது வெறும் ஏட்டு விவாதம் அல்ல. நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதத்துக்கு ஓர் எல்லை வகுத்து, அதற்குக் கீழே இருப்பவரைக் ‘கடுமை இல்லை’ என்று வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் வந்துவிடக் கூடாது. சிறுநீர்க் கீட்டோனை வைத்து அப்படித்தான் நெடுங்காலம் தீர்மானித்தோம். அது நீரிழப்பின் அளவுகோலும் அல்ல, கடுமையோடு பொருந்துவதும் இல்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரியின் 2024 வழிகாட்டி சொல்லிவிட்டது.

அப்படியானால் இந்த அளவீடுகளை விட்டுவிடலாமா? வேண்டாம், ஆய்வின் அமைப்பை மாற்றினால் போதும். சேர்ந்தபோது ஒரு முறை, டிரிப் ஏற்றி நீரிழப்பு தீர்ந்தபின் ஒரு முறை, சாப்பாடு இறங்கத் தொடங்கியபின் ஒரு முறை என்று அதே பெண்ணிடம் இரத்தம் எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் கார்டிசாலும் யூரிக் அமிலமும் சேர்த்துப் பார்க்கலாம். ஒப்பீட்டுக்கு, தம் விருப்பத்தால் ரமலான் நோன்பிருக்கும் நலமான கர்ப்பிணிகள் உண்டு; துருக்கியில் அவர்களைத் தேடி அலைய வேண்டாம். ஒரு பகல் நோன்பு பல நாள் பட்டினிக்கு ஈடாகாது என்பது உண்மைதான். ஆனால் குறிகாட்டிகள் அந்த ஒரு பகலுக்கே அசைந்தால், கடும் மசக்கையில் கண்ட ஏற்றத்தில் எவ்வளவு பட்டினியின் கணக்கில் போக வேண்டும் என்று குத்துமதிப்பாகவேனும் கழிக்கத் தொடங்கலாம்.