உணவு டெலிவரி ஊழியர் வருமானமும் நகர வாழ்க்கைச் செலவும்

செயலி வழியாக வரும் ஆர்டரை உணவகத்திலோ கிடங்கிலோ பெற்று, வாடிக்கையாளரின் வீட்டு வாசலில் சேர்ப்பவர் டெலிவரி ஊழியர். இந்தியாவில் சொமேட்டோ, ஸ்விக்கி, பிளிங்கிட், செப்டோ முதலிய நிறுவனங்களுக்காக இவர்கள் ஓடுகிறார்கள். சட்டப்படி இவர்கள் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர் என்பதால் மாதச் சம்பளமும் குறைந்தபட்சக் கூலியும் கிடையாது. முடித்த ஆர்டருக்கு மட்டுமே காசு. 2020-21இல் நாட்டில் இப்படி நிரந்தரப் பணியின்றி வேலைக்கேற்பக் கூலி பெறும் கிக் தொழிலாளர்கள் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029-30இல் இந்த எண்ணிக்கை 2.35 கோடியாகும் என்றும் நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. டெலிவரி ஊழியர்கள் அதில் ஒரு பிரிவினர். இவர்களின் வருமானத்தை அறிய, கைக்கு வரும் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. அது எந்த ஊரில், எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு செலவு போக வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஊதியம் அமையும் விதம்

ஓர் ஆர்டருக்கு அடிப்படைத் தொகை, தூரத்துக்கான தொகை, மழையிலும் உச்ச நேரத்திலும் தரப்படும் கூடுதல் தொகை என்று ஊதியம் பிரிகிறது. இதற்கு மேல் இன்சென்டிவ் உண்டு. ஒரு நாளில் அல்லது வாரத்தில் குறித்த எண்ணிக்கையில் ஆர்டர் முடித்தால் அது கிடைக்கும். ஓர் ஆர்டர் குறைந்தாலும் கைநழுவிவிடும். இரவு வெகுநேரமாகியும் கடைசி இரண்டு ஆர்டருக்காகப் பலர் உணவக வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பதற்குக் காரணம் இதுதான். சமையல் தாமதமாகும் நேரமும், புறநகரில் பார்சலைக் கொடுத்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும் தூரமும் பெரும்பாலும் ஊழியர் கணக்கிலேயே கழிகின்றன. கட்டண விகிதத்தை நிர்ணயிப்பதும் மாற்றுவதும் நிறுவனமே.

2025இல் டிப்ஸ் நீங்கலாகச் சராசரி வருமானம் மணிக்கு 102 ரூபாய் என்று சொமேட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல் 2026 ஜனவரியில் தெரிவித்தார். நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள் ஓடினால் 26,500 ரூபாய் சேரும். எரிபொருளும் பராமரிப்பும் போக ஏறத்தாழ 21,000 ரூபாய் மிஞ்சும் என்பது நிறுவனத்தின் கணக்கு. மாதத்துக்கு 260 மணி நேரம் உழைத்து வரும் தொகை இது. வாரம் 48 மணி நேரம் என்ற வழக்கமான வரம்பை இது தாண்டுகிறது.

ஊழியர் ஏற்கும் செலவுகள்

வண்டி, பெட்ரோல், ஆயில் மாற்றுதல், டயர், பிரேக், காப்பீடு, மொபைல், டேட்டா எல்லாம் ஊழியருடையவை. தவணையில் வாங்கிய வண்டியானால், ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் தவணை கட்டியாக வேண்டும். காய்ச்சலிலோ விபத்திலோ ஒரு வாரம் படுத்துவிட்டால் அந்த வாரத்துக்கு வருமானமே இல்லை.

இவற்றுள் அன்றாடம் கையைக் கடிப்பது பெட்ரோல். மாநிலங்கள் விதிக்கும் மதிப்புக் கூட்டு வரி வேறுபடுவதால் விலையும் ஊருக்கு ஊர் மாறுகிறது. 2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பின் ஒரு லிட்டர் டெல்லியில் 94.72 ரூபாய், சென்னையில் 100.75, மும்பையில் 104.21, ஐதராபாத்தில் 107.41 என்று இருந்தது. அந்த விலைப்படி, நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் வண்டி வைத்திருப்பவருக்கு டெல்லியில் சுமார் 253 ரூபாய் செலவாகும், ஐதராபாத்தில் 286. மாதம் 26 நாளுக்கு வித்தியாசம் 880 ரூபாய். ஒரே உழைப்பு, ஒரே தூரம். ஊர் மாறியதற்காக மட்டும் குறையும் தொகை இது.

வாடகையும் நகரத் தரமும்

பெட்ரோலைவிடப் பெரிய வேறுபாடு வாடகையில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் இளைஞர்கள் சென்னையில் திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும், பெங்களூருவில் பி.ஜி. விடுதிகளிலும் அறையைப் பகிர்ந்து செலவைக் குறைக்கிறார்கள். குடும்பத்தோடு வருபவர்களுக்கு அந்த வழி இல்லை. தமிழ்நாட்டில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் கேட்கப்படுகிறது. வாடகை குறைந்த புறநகரில் குடியேறினால், ஆர்டர் அதிகமுள்ள பகுதிக்குப் போய் வரும் பெட்ரோல் கூடிவிடுகிறது.

ஊருக்கேற்ப வாழ்க்கைச் செலவு மாறும் என்பதை அரசு தன் ஊழியர் விஷயத்தில் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் வீட்டு வாடகைப் படி நகரங்களை மூன்றாகப் பிரிக்கிறது. சென்னை, மும்பை, டெல்லி, பெங்களூரு முதலியவை முதல் வகுப்பு. கோவை, மதுரை போன்றவை இரண்டாம் வகுப்பு. இன்று இந்தப் படி அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 விழுக்காடு. டெலிவரி ஊழியருக்கு அப்படி எந்தப் படியும் இல்லை.

போராட்டங்கள்

ஓர் ஆர்டருக்கான தொகை 35 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகக் குறைக்கப்பட்டதாகக் கூறிச் சென்னை ஸ்விக்கி ஊழியர்கள் 2020 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்தனர். 2023 ஏப்ரலில் டெல்லி வட்டாரத்தில் பிளிங்கிட் ஊழியர்கள், 25 ரூபாயாக இருந்த தொகை 15 ரூபாயும் தூரத்துக்கான தொகையுமாக மாற்றப்பட்டதை எதிர்த்தனர். 2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் பல நகரங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. பத்து நிமிட டெலிவரியைக் கைவிடுவது அப்போதைய முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று.

இந்தியச் சட்டங்கள்

2023இல் கிக் தொழிலாளர் நலனுக்கென முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் ராஜஸ்தான். தமிழ்நாடு அதே ஆண்டில் தனி நலவாரியம் அமைத்தது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. சென்னை மாநகராட்சி அண்ணாநகரில் குளிரூட்டப்பட்ட ஓய்வறை திறந்தது. கர்நாடகச் சட்டம் 2025இல் வந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டப்படி, நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை இவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் செலுத்த வேண்டும். இவை மருத்துவம், விபத்து, காப்பீடு சார்ந்த பாதுகாப்பைத் தருகின்றன. ஒரு மணி நேர உழைப்புக்குக் குறைந்தது இவ்வளவு என்று இவற்றில் எதுவும் உறுதி தரவில்லை.

அமெரிக்க நகரங்களின் அனுபவம்

மணிக்குக் குறைந்தது இவ்வளவு என்ற உறுதியை நியூயார்க் நகரம் தந்தது. டிப்ஸ் இன்றி மணிக்குச் சராசரியாக 7.09 டாலர் பெற்ற ஊழியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 17.96 டாலர் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் அது 21.44 டாலராக உயர்ந்தது. காத்திருக்கும் நேரமும் ஊழியரின் செலவுகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை. இதன்பின் சில நிறுவனங்கள் டிப்ஸ் தரும் வசதியை ஆர்டருக்குப் பின் தள்ளின. லாகின் செய்யும் நேரத்தையும் கட்டுப்படுத்தின. சியாட்டிலில் 2024 ஜனவரி முதல் நிமிடத்துக்கும் மைலுக்கும் தனித்தனிக் குறைந்தபட்சத் தொகை உண்டு. அங்கே நிறுவனங்கள் வாடிக்கையாளரிடம் கூடுதல் கட்டணம் வசூலித்தன. கலிஃபோர்னியாவில் 2020இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டம் உள்ளூர்க் குறைந்தபட்சக் கூலியில் 120 விழுக்காட்டை உறுதி செய்கிறது. ஆனால் ஆர்டரை ஏற்றது முதல் முடிப்பது வரையிலான நேரத்துக்கு மட்டுமே அது பொருந்தும். காத்திருப்பு கணக்கில் வராது.

ஒப்பிடும் அளவுகோல்

இரண்டு நகரங்களின் டெலிவரி வருமானத்தை நேர்மையாக ஒப்பிட மூன்று படிகள் தேவை. மொத்த வருமானத்திலிருந்து வண்டிச் செலவைக் கழிக்க வேண்டும். மிச்சத்தை, ஆர்டர் ஓடிய நேரத்தால் மட்டுமின்றி லாகினில் இருந்த முழு நேரத்தாலும் வகுக்க வேண்டும். கிடைக்கும் தொகையை அந்த ஊரின் வாடகை, உணவு, பள்ளிக் கட்டணத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். காத்திருப்பை விட்டுவிடும் எந்த விளம்பரத் தொகையும் ஊழியரின் உண்மை நிலையைக் காட்டாது. இந்திய நகரங்களில் நிர்ணயிக்கப்படும் குறைந்தபட்ச ஊதியம் இந்த மூன்றையும் கணக்கில் கொண்டால்தான், உழைப்பவர் அந்த ஊரிலேயே குடியிருந்து குடும்பம் நடத்த முடியும்.