சோம்பல் அன்று, நோய்

மாணவ நண்பர்களே, மந்தமாக இருப்பவரைச் சோம்பேறி என்று உலகம் எளிதில் சொல்லிவிடுகிறது. அப்படிப் பழிக்கப்பட்டவர்களுள் சிலர் உண்மையில் நோயாளிகள் என்பதை மருத்துவ உலகம் கண்டறிந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1873-ஆம் ஆண்டில் சர் வில்லியம் கல் என்னும் மருத்துவர் லண்டன் மருத்துவர் சங்கமொன்றில் ஒரு கட்டுரை படித்தார். சுறுசுறுப்பாக வாழ்ந்த பெண்கள் சிலர் படிப்படியாக மந்தமடைந்தனர், முகம் அகன்றது, நாக்குத் தடித்தது, பேச்சுக் குழறியது. இது முதுமையும் அன்று, சோம்பலும் அன்று. தனியொரு நோய் என்றார் அவர். 1878-இல் வில்லியம் ஆர்டு என்பவர் இந்நோய்க்கு மிக்ஸெடிமா என்று பெயரிட்டார். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

காரணத்துக்கு வழிகாட்டியது ஸ்விட்சர்லாந்து. அயோடின் குறைந்த அம்மலைநாட்டில் அக்காலத்தில் முன்கழுத்துக் கழலை மிகுதியாக இருந்தது. கழலையை நீக்கும்பொருட்டு அறுவை மருத்துவர்கள் தைராய்டு சுரப்பி முழுவதையுமே அகற்றி வந்தனர். அவ்வாறு அகற்றப்பட்டவர்கள் பின்னர் நலிவதை 1882-இல் ஜெனீவா நகரின் ரெவர்டின் எடுத்துரைத்தார். அதைக் கேட்ட பெர்ன் நகரத்துத் தியோடர் கோஹர், தம்மிடம் சிகிச்சை பெற்றவர்களைத் திரும்ப வரவழைத்தார். சுரப்பியை முழுதும் இழந்தவர்களுள் மீண்டும் பரிசோதித்த 18 பேரில் 16 பேர் வீங்கிய முகமும் மங்கிய அறிவுமாக நின்றனர். தம் கையால் விளைந்த கேட்டை அவர் மறைக்கவில்லை; 1883-இல் உலகறியச் சொன்னார். கழலைக்காகச் சுரப்பியை முழுதும் அகற்றும் முறையையும் கைவிட்டார். 1909-இல் நோபெல் பரிசு பெற்ற அப்பெரியாரின் புகழில், இந்த நேர்மையையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

கல் கண்ட பெண்களும் கோஹர் கண்ட நோயாளிகளும் ஒரே குறையால் வாடுகிறார்கள் என்று பெலிக்ஸ் செமன் 1883-லேயே லண்டனில் கூறினார். சங்கம் ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்து, 1888-இல் அவர் கருத்து சரியே என உறுதி செய்தது.

காரணம் தெரிந்ததும் மருந்து பிறந்தது. 1891-இல் நியூகாசில் நகர மருத்துவர் ஜார்ஜ் மரே, ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசிமூலம் செலுத்தினார். மந்தம் நீங்கிய அவ்வம்மையார் தொடர்ந்து சிகிச்சை பெற்று, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914-இல் அமெரிக்கரான கெண்டால் அச்சுரப்பியிலிருந்து தைராக்ஸினைப் பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினர்.

இன்று இந்நோயைக் காட்டிக்கொடுப்பது சிறிதளவு இரத்தம். தைராய்டு தளர்ந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதைத் தூண்டும் டி.எஸ்.எச். என்னும் பொருளை மிகுதியாக அனுப்புகிறது. அந்த மிகுதியே பெரும்பாலும் முதற்சான்று. பச்சிளங் குழந்தைகளை இவ்வாறு சோதிக்கும் முறை 1974-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தொடங்கியது. உரிய நாளில் மருந்து பெற்றதால் மூளை வளர்ச்சி குன்றாமல் தப்பிய குழந்தைகள் பலர்.

களைப்பெல்லாம் தைராய்டுக் குறை அன்று. ஆயினும் நீங்காத களைப்பு, தாங்க முடியாத குளிர், வறண்ட தோல், காரணமின்றிக் கூடும் எடை ஆகியவை சேர்ந்து வந்தால் மருத்துவரை நாடுங்கள். உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ ஒருவர் மந்தமடைந்தால், பழிச்சொல்லுக்கு முன் பரிசோதனை வரட்டும்.