பேர்கன்: ஆண்டில் இருநூறு நாட்களுக்கு மேல் மழை பெய்யும் நகரில் வாழ்வது

நோர்வேயில் உறவுகள் உள்ளவர்களுக்குப் பேர்கன் என்ற பெயர் புதிதல்ல. ஒஸ்லோவுக்கு அடுத்த பெரிய நகரமான இதில் சுமார் 2 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வசிக்கின்றனர். எண்பதுகளில் வடகோடியான பின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்ற எம்மவர்களில் பலர் பின்னர் தெற்கே இடம்பெயர்ந்தபோது, ஒஸ்லோவுக்கு அடுத்தபடியாகத் தேர்ந்தெடுத்த நகரங்களில் இதுவும் ஒன்று.

இங்கு ஆண்டுக்குச் சராசரியாக 2,250 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. யாழ். குடாநாட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,300 மில்லிமீற்றர்தான். ஆனால் வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. நமது மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். பேர்கனில் அது தூறலாக, காற்றோடு சாய்ந்து, நாட்கணக்கில் நிற்காமல் பெய்யும். 2006 ஒக்ரோபர் இறுதியிலிருந்து 2007 ஜனவரி வரை 80 நாட்களுக்கு மேல் ஒரு நாளும் தவறாமல் மழை பதிவானது. அத்திலாந்திக் கடலிலிருந்து ஈரத்துடன் வரும் மேல்காற்று நகரைச் சூழ்ந்த மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்வதே இதற்குக் காரணம். இந்தக் காற்றில் குடை அதிக நாள் தாங்காது. நல்ல மழைக்கோட்டும் சப்பாத்தும்தான் உதவும், இரண்டும் மலிவானவையல்ல.

அதே கடல்தான் நகரின் பெரிய நன்மைக்கும் காரணம். அறுபதாவது அகலாங்கில் இருந்தும், சூடான கடல் நீரோட்டத்தால் ஜனவரியின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்று மேலேயே இருக்கிறது. ஒஸ்லோவைப்போல் மாதக்கணக்கில் பனி அள்ள வேண்டியதில்லை. மழை நீரும் மலைச் சரிவும் மின்சாரமாகின்றன. நோர்வேயின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி நீர்மின்சாரமே. இதனால் கட்டணம் எப்போதும் குறைவாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2022இல் பேர்கன் உட்பட நாட்டின் தென்பகுதியில் அது பலமடங்கு உயர்ந்தது.

உயிர் ஆபத்தும் இல்லாமலில்லை. 2005 செப்டெம்பர் 14 அன்று ஒரே நாளில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியதில், மலையடிவாரக் குடியிருப்பொன்றின் மீது மண் சரிந்து மூவர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு குடிநீர் ஏரியொன்றில் கழிவுநீர் கலந்ததால் ஜியார்டியா என்ற குடல் நோய் பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆய்வுகூடப் பரிசோதனையில் நோய் உறுதியானது. தண்ணீர் நிறைய இருப்பது வேறு, நல்ல தண்ணீர் இருப்பது வேறு.

எமது மக்கள் அதிகம் கவனிக்க வேண்டியது வெயில் இன்மை. மார்கழியில் பகல் ஆறு மணித்தியாலத்தையும் எட்டுவதில்லை. அந்தப் பகலையும் முகில் மூடிவிடும். குளிர்கால மாதங்களில் இந்த அகலாங்கில் கிடைக்கும் வெயில் தோலில் விற்றமின் டி உருவாகப் போதாது. கருமையான தோலுக்கு இன்னும் கூடுதலான வெயில் தேவை. இலங்கையர் உட்பட ஐந்து குடியேறிய சமூகங்களிடையே ஒஸ்லோவில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வொன்று, இந்தக் குறைபாடு பரவலாக இருப்பதைக் காட்டியது. நோர்வேஜியர் தலைமுறைகளாகக் குளிர்காலத்தில் மீனெண்ணெய் குடிப்பது இதற்காகவே. எலும்பு நோவு, களைப்பு என்று வருபவர்கள் குடும்ப வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை கேட்பது நல்லது.

மனநிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது வன்னியில் தறப்பாளின் கீழ் இருந்தவர்களுக்கும், 2009 ஓகஸ்ட்டில் செட்டிகுளம் முகாம்களில் வெள்ளத்துக்குள் நின்றவர்களுக்கும் மழைச் சத்தம் வெறும் சத்தமல்ல. அத்தகையவர் ஒருவர் வீட்டில் இருந்தால், இருண்ட மாதங்களில் அவரைத் தனியே விடாதிருப்பதும், தேவையானால் வைத்தியரிடம் வெளிப்படையாகப் பேசுவதும் மற்ற எல்லா ஆயத்தங்களையும் விட முக்கியம்.

வேலை, படிப்பு என்று பார்த்தால் நகரம் வசதியானது. 1946இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், பெரிய வைத்தியசாலை, கடலுணவுத் தொழில், 2010 முதல் ஓடும் இலகு ரயில் எல்லாம் உண்டு. மழை பெய்கிறதென்று பிள்ளைகளை யாரும் உள்ளே வைத்திருப்பதில்லை. முன்பள்ளிகளில் மழையுடுப்போடு வெளியே விடுவார்கள். நம்மவர்களுக்கு முதலில் இது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், பிள்ளைகளுக்கு அப்படியில்லை.

வீடு பார்ப்பதில்தான் அவதானம் வேண்டும். வாடகை குறைவு என்பதால் புதிதாக வருவோர் பலர் நிலக்கீழ்த் தளங்களையே நாடுகின்றனர். ஈரமும் பூஞ்சணமும் முதலில் பிடிப்பது அங்கேதான். தொய்வு உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது. கையெழுத்திடுமுன் அலுமாரிக்குப் பின்புறச் சுவரையும் குளியலறை மூலைகளையும் பார்க்க வேண்டும், ஈர மணம் வருகிறதா எனக் கவனிக்க வேண்டும். மலையின் நிழல் விழும் பக்கமா என்றும் கேட்க வேண்டும். சில வீடுகளுக்குக் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் வெயிலே வராது. உள்ளே உடுப்புக் காயப்போடுபவர்கள், குளிரானாலும் தினமும் சிறிது நேரம் யன்னலைத் திறந்துவிட வேண்டும்.