தோள்சீலைப் போராட்டமும் நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்கள் இன்று கேரளத்தின் தென்கோடி. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேரும்வரை இவை எல்லாம் திருவிதாங்கூரின் ஒரே நிலப்பரப்பு. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் இந்தப் பகுதியில்தான் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்தது.

அன்றைய வழக்கப்படி உடை சாதியின் அடையாளம். சாணார் எனப்பட்ட நாடார், ஈழவர், புலையர் பெண்கள் மார்பை மறைத்து மேல்சீலை போடக் கூடாது. மீறினால் துணி கிழிக்கப்படும், அடி விழும். கூலியில்லாத ஊழியமும் தலைவரி போன்ற வரிகளும் இதே ஒடுக்குமுறையின் மறுபக்கங்கள்.

1806இல் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் போதகர் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்கு வந்தார். மயிலாடியில் தொடங்கிய மிஷன் வேலை நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை என்று பரவியது. பள்ளிக்கூடமும் சபையும் வந்த இடங்களில் பெண்கள் மேலாடை அணியத் தொடங்கினர். திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, மதம் மாறிய பெண்கள் உடல் மறைக்கலாம் என்று உத்தரவிட்டார். மேல்சாதியார் எதிர்த்ததும் அந்த அனுமதி சுருங்கியது: சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் என்னும் சட்டை போடலாம், தோளில் சீலை கூடாது.

பெண்களோ குப்பாயத்தின் மேல் சீலையும் அணிந்தனர். 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் தாக்குதல்கள் தொடங்கின. 1827க்குப் பின் மீண்டும் வலுத்தன. சபைகளும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. 1829 பிப்ரவரி 3 அன்று ராணி கௌரி பார்வதி பாயின் அரசு, மேல்சீலை சாணார் பெண்களுக்கு உரியதல்ல, குப்பாயம் மட்டுமே போடலாம், ஊழியமும் செய்ய வேண்டும் என்று அறிவித்தது.

1855இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது நிலவுடைமையாளரின் கோபத்தைக் கிளறியது. 1858 நவம்பரில் வெளியான விக்டோரியா அரசியின் பிரகடனம் மத விஷயங்களில் தலையிடுவதில்லை என்றது. இனி வெள்ளையர் குறுக்கே வரமாட்டார்கள் என்று அதற்குப் பொருள் கொண்டோர் பலர். 1858, 1859 ஆண்டுகளின் கலவரத்தில் சந்தைக்குப் போன பெண்களின் துணி பறிக்கப்பட்டது, வீடுகளும் எரிந்தன. நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியும் தப்பவில்லை.

சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவல்யன் நெருக்கியபின், 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா புதிய அறிக்கை வெளியிட்டார். சாணார் பெண்கள் குப்பாயம் போடலாம், மீனவரான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டலாம். மேல்சாதிப் பெண்களின் பாணியில் மட்டும் உடுத்தக் கூடாது. மானத்தை ஒப்புக்கொண்ட அரசு, சமத்துவத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பிரிட்டிஷ் அதிகாரத்தின் பங்கும் இரட்டை முகம் கொண்டது: உரிமைக்காக நெருக்கியதும், முன்பு உத்தரவைச் சுருக்கியதும் அதுவே. உரிமையை முன்னகர்த்தியவர்கள், அடி வாங்கியும் சீலையைக் களையாத பெண்களே.

அதே வட்டாரம் பின்னரும் ஓயவில்லை. 1888இல் நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் ஈழவரான ஸ்ரீ நாராயண குரு சிவப் பிரதிஷ்டை செய்தார். 1893இல் வெங்ஙானூரைச் சேர்ந்த புலையர் தலைவர் அய்யன்காளி, தடை செய்யப்பட்ட பொதுவழியில் வில்வண்டி ஓட்டினார். புலையர் குழந்தைகளின் படிப்புரிமைக்காக அவர் போராடிய ஊரூட்டம்பலமும் இப்பகுதியிலேயே இருக்கிறது.

இந்த வரலாறு மிஷன் அறிக்கைகளிலும் அரசு அறிவிப்புகளிலும் பதிவாகியிருக்கிறது. பெண்கள் தாமே எழுதிய பதிவு அரிது. அந்த வெற்றிடத்தில் ஓவியர்கள் வேலை செய்கிறார்கள். கேரளத்தில் டி. முரளி, முலைவரிக்கு எதிராகத் தன் மார்பை அறுத்ததாக வாய்மொழி மரபு சொல்லும் சேர்த்தலை நங்கேலியை வரைந்தார். நங்கேலிக்கு அக்கால ஆவணம் இல்லை. தோள்சீலைப் போராட்டத்துக்கு நாளும் ஊரும் குறித்த ஆவணங்கள் உண்டு. 2019இல் தேசிய ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலிலிருந்து இப்போராட்டத்தைச் சொல்லும் அத்தியாயம் நீக்கப்பட்டது. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் நடந்த இருநூற்றாண்டு விழாவில் தமிழ்நாடு, கேரள முதல்வர்கள் இருவரும் கலந்துகொண்டனர்.